டீச்சர் வண்டிக்குள் ஒரு புலி

அத்தியாயம் 6

ஆன்ட்ரூஸின் இரண்டாவது விரல் ஒடிந்த சத்தத்தை சுயம்புராஜ் வாசலில் வைத்தே கேட்டான். பெரிய சத்தம் ஒன்றுமில்லை. காய்ந்த ஈர்க்கு முறிவது போல ஒரு ‘டிக்’. பின்னாலேயே வந்த அலறலில்தான் பட்டறைக் கூரையில் இருந்த காகங்கள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

உள்ளே மேசையில் பொருத்திய இரும்பு வைஸில் ஆன்ட்ரூஸின் வலது உள்ளங்கை இறுகிக் கிடந்தது. தக்கலையில் பதினேழு வருஷமாகக் கார்களைப் பிரித்து மாட்டிய கை. ஸ்பேனரின் வளையத்தை மூன்றாவது விரலில் மாட்டிக்கொண்டிருந்தவன் பெயர் இசக்கி. கூலிக்கு அடிக்கிறவன் என்பதற்கு அவன் முகமே விசிட்டிங் கார்டு. கொஞ்சம் தள்ளி ஸ்டூலில், சலூனில் முறைக்குக் காத்திருப்பவர் போல, ரப்பர் ஷீட் வியாபாரி தாணுலிங்கம் உட்கார்ந்திருந்தார். கஞ்சி போட்ட வேட்டியில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.

“அந்த விரலை விட்டு வையுங்க அண்ணாச்சி,” என்றாள் சுயம்புராஜோடு உள்ளே வந்த லிஜி. “பேரு எழுதித் தரணும்னாலும் விரல் வேணும்லா?”

தாணுலிங்கம் திரும்பினார். நாற்பது வயதுப் பெண்ணொருத்தி, வெளுத்த சுடிதாரும் தோளில் ஒரு துணிப்பையுமாக, மார்க்கெட்டுக்கு வந்தவள் போல நின்றாள்.

“நீ யாரு?”

“லிஜி. முந்தி இன்சூரன்சுக்கு நொறுங்குன வண்டி பாத்தேன். இப்ப நொறுங்குன மனுசங்களுக்குத் துப்பறிஞ்சு குடுக்கேன். இவரு வீட்டுக்காரி ஜாஸ்மி போன் பண்ணினா.”

“இது?” தாணுலிங்கத்தின் தாடை சுயம்புராஜைச் சுட்டியது.

“நான் டிரைவராக்கும்,” என்றான் சுயம்புராஜ். “அக்காவுக்கு விழற அடிய வாங்கறதும் என் கணக்குலதான். சம்பளம் ஒண்ணுதான்.”

இசக்கி சிரிக்கவில்லை. தாணுலிங்கம் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சிரிப்புக் காட்டாத. மூணு நாளைக்கு முந்தி என் தங்கச்சி மாப்பிள்ளை அனில்குமார் பெரிய பைக்குல கீரிப்பாறை ஏத்தம் ஏறிப் போனான். பின்னால ஒரு சின்ன வெள்ளைக் காரு. டீச்சருமாரு பள்ளிக்கூடம் போற வண்டி. அது ஏத்தத்துல பைக்க விரட்டிப் பிடிச்சு, கொக்கைப் பள்ளத்துக்குள்ள இடிச்சுத் தள்ளிட்டு. எஸ்டேட் பஸ் டிரைவர் கண்ணால பாத்தவன். அந்த எஞ்சின் அந்த வண்டிக்கு உள்ளதா? இல்ல. பெருசு எதையோ உள்ள வச்சிருக்கான். இந்த ஜில்லாவுல எஞ்சின் மாத்திக் கெட்டுறது இவன் ஒருத்தன். யாருக்குக் கெட்டினேன்னு சொன்னா முடிஞ்சு.”

“நான் கெட்டல்ல அண்ணாச்சி...” ஆன்ட்ரூஸின் குரல் மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தோடு சேர்ந்து வந்தது. “எஞ்சின் வாங்கறது பொண்ணு பாக்கப் போற செலவாக்கும். கல்யாணச் செலவு பிறகுதான் இருக்கு. கியர்பாக்ஸ், ஆக்சில், ரேடியேட்டர், ஸ்பிரிங், பிரேக்... எஞ்சினுக்கு ஒண்ணுன்னா மத்ததுக்கு மூணு. அவ்வளவுக்கும் சம்மதிக்காத ஆளுக்கு நான் ஒரு போல்ட்டு கழத்த மாட்டேன். எத்தனையோ பேரத் திருப்பி விட்டிருக்கேன்.”

“அப்ப திருப்பி விட்டவன் பேரச் சொல்லு.”

“எந்தப் பேரச் சொன்னாலும் அவனப் போய்க் கொல்லுவீங்களே!”

இசக்கி ஸ்பேனரை மெல்ல நெம்பினான். லிஜி கையை நீட்டி ஸ்பேனரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாலு மணி வரைக்கும் குடுங்க. வண்டியக் கெட்டினவன் யாருன்னு கொண்டாறேன். ஒடிச்ச விரல் பொய் சொல்லும். வண்டி சொல்லாது.”

தாணுலிங்கம் கடிகாரம் பார்த்தார். பத்தே முக்கால்.

“நாலு. நாலுக்கு நான் போன் பண்ணி விடச் சொன்னா விடுவாங்க. போன் வரல்லன்னா கை போகும். விரலில்ல, கை. போலீசு வாற சத்தம் கேட்டாலும் அதுதான்.” ஷட்டர் பக்கம் நின்ற இரண்டு பேரில் ஒருவன் தோளில் கோடாலி இருந்தது. “இசக்கி உங்ககூட வருவான்.”

“வரட்டும்,” என்றான் சுயம்புராஜ். “பின்சீட்டு சும்மாத்தான் கெடக்கு.”

வெளியே தாணுலிங்கத்தின் ஜீப்பைத் தாண்டிச் சுவரோரம் ஜாஸ்மி நின்றாள். லிஜியின் மணிக்கட்டை ஒருமுறை பிடித்து அமர்த்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். சுயம்புராஜுக்கு அந்தப் பிடியைப் பார்த்ததும் வாயில் வந்த தமாசு உள்ளேயே போய்விட்டது.

*

பூதப்பாண்டி தாண்டியதும் சாலை கெட்டது. ஒவ்வொரு குழியிலும் பின்சீட்டில் இசக்கி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான்.

“கேஸ் டிரபிளா அண்ணே? ஒரு சோடா வாங்கட்டா?”

“ரோட்டப் பாத்து ஓட்டுலே.”

கீரிப்பாறை ரப்பர் காடு பகலிலும் பச்சை இருட்டாகக் கிடந்தது. மரத்துக்கு மரம் கட்டிய சிரட்டைகளில் காலையில் வெட்டிய பால் சொட்டு சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆயிரம் கடிகாரங்கள் சத்தமில்லாமல் ஓடுவது போல சுயம்புராஜுக்குத் தோன்றியது. அனில்குமார் விழுந்த கொக்கைக்கு மேலே காட்டுக்கற்களில் இன்னும் கறுத்த கறை. அதைத் தாண்டி ஏற்றம் முடிந்து, இறக்கத்தின் முதல் வளைவில், வெள்ளைக் கார் வடிகால் ஓடைக்குள் மூக்கைச் செருகிக் கிடந்தது. காவலுக்கு நின்ற ஏட்டு லிஜியை இன்சூரன்ஸ் காலத்திலிருந்தே தெரிந்தவர். “தொடாம பாருங்க” என்று சொல்லிவிட்டு, தொடுவதைப் பார்க்காமலிருக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

லிஜி நெளிந்த பானட்டைக் கம்பியால் நெம்பித் தூக்கினாள். உள்ளே பார்த்ததும் அவள் வாயிலிருந்து ஒரு சின்ன விசில்.

“அழகு,” என்றாள்.

“செத்தவன் வீட்டுல சொல்லாதீங்க.”

“இல்லலே, பாரு. வெல்டிங்கப் பாரு, அட்டையில எழுதுன எழுத்து மாதிரி. எல்லா போல்ட்டும் துருப்பிடிக்காத ஸ்டீலு. ஒவ்வொரு ஹோசுக்கும் ஒத்த கிளிப்பு போதும், இவன் ரெண்டு ரெண்டு போட்டிருக்கான். வயரு எதால கெட்டியிருக்கு?”

சுயம்புராஜ் குனிந்தான். “நைலான் நூலு. வலை பின்னற நூலு.”

“இடுக்கெல்லாம் கிரீசு. தண்ணிக்குப் பயந்தவன் பூசற மாதிரி.” லிஜி ஓடையில் இறங்கி முன்சக்கரத்துக்குள் டார்ச் அடித்தாள். அப்புறம் சிரித்தாள். இந்தச் சிரிப்பு வந்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று சுயம்புராஜுக்குத் தெரியும்.

“பிரேக் மாத்தல்ல. டீச்சர் வண்டியோட அந்தப் பழைய பிரேக்கு, அப்படியே கெடக்கு. புலியக் கூட்டுல அடைச்சவன் கதவு வைக்க மறந்துட்டான். கொன்னவன் ஏத்தத்துல பைக்கப் பிடிச்சிட்டான். இறக்கத்துல நிறுத்த முடியாம இங்க வந்து சொருகி, வண்டிய விட்டுட்டு ஓடிட்டான்.”

“பிரேக்குக்குச் செலவழிக்க மனசில்லாம இருந்திருக்கும்.”

“இந்த போல்ட்டு வாங்குன ரூவாய்க்கு ரெண்டு செட்டு பிரேக் வாங்கலாம் மக்கா. கருமியில்ல இவன். பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கான். பிரேக்குன்னு ஒண்ணு உண்டுங்கறதே அவன் புத்தியில வரல்ல. ஏன்னா அவன் ஆயுசுல பிரேக் உள்ள எதையும் பழுது பாத்ததில்ல.”

“பிரேக் இல்லாம என்ன வண்டிக்கா ஓடும்? எங்க மாமனோட ஸ்கூட்டர் ஒண்ணு ஓடுச்சு, அது அவரு கால் எலும்புலதான் நின்னுது.”

“வண்டி இல்ல சுயம்பு,” என்றாள் லிஜி. “வள்ளம்.”

சுயம்புராஜ் காரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். கடல்மேல் போகிற எதற்கும் பிரேக் கிடையாது. எஞ்சினை அடக்கினால் தண்ணீரே பிடித்து நிறுத்தும். வள்ளத்து எஞ்சின் கட்டுகிறவனிடம் காரைக் கொடுத்தால் வேகம் வரும், உப்பு ஏறாது, நூறு வருஷம் துரு பிடிக்காது. நிற்க மட்டும் நிற்காது.

லிஜி மேலே ஏறிவந்து கைகளைத் துடைத்தாள். இசக்கிக்குக் கேட்கும்படி, மீன் ஏலம் கூறுகிறவளின் குரலில் சொன்னாள்.

“குளச்சலுக்கு விடு. துறைமுகத்துல எஞ்சின் மெக்கானிக் ஒருத்தன். ஆளு யாருன்னு எனக்கு வெளங்கிட்டு.”

*

ஆனால் வண்டி நேரே குளச்சலுக்குப் போகவில்லை. பத்மநாபபுரம் வந்ததும் லிஜி ஓரங்கட்டச் சொன்னாள். அரண்மனை வாசலில் சுற்றுலா பஸ்கள் நின்றன. சர்பத் கடைப் பெஞ்சில் அவள் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

“நன்னாரி. ஐஸ் நெறைய.”

“அக்கா, மணி ஒண்ணே முக்கால்,” என்றான் சுயம்புராஜ்.

“தெரியும்.”

இசக்கி பஸ்ஸுக்குப் பின்னால் ஒதுங்கினான். ஒன்றுக்குப் போகிறவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு போகமாட்டான். லிஜி அந்தப் பக்கமே திரும்பவில்லை. முதல் கிளாஸை முடித்து இரண்டாவது சொன்னாள்.

“அங்க ஒருத்தன் கை வைசுல கெடக்கு. நீங்க இஞ்ச ராஜா வீட்டப் பாத்துக்கிட்டு சர்பத் குடிக்கிய. ஆளு பேரு தெரியும்லா? வாங்க போவோம்.”

“நீயும் ஒண்ணு குடி.”

சுயம்புராஜ் குடிக்கவில்லை. மரத்தில் இழைத்த அந்தப் பெரிய கூரைகளுக்கு மேல் மேகம் நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே வழிகாட்டி ஒருவன் இந்தியில் கத்திக்கொண்டிருந்தான். சுயம்புராஜுக்கு, இந்தப் பெண்ணிடம் வேலைக்குச் சேர்ந்த ஐந்து வருஷத்தில் முதல்முறையாக அவள்மேல் வெறுப்பு வந்தது. இசக்கி திரும்பிவந்து ஏப்பம் விட்டான். லிஜி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இருபது நிமிஷம் கழித்துத்தான் எழுந்தாள்.

*

குளச்சல் துறைமுகத்தில் வெயில் தகடாய் அடித்தது. மத்தியானம் கரைசேர்ந்த வள்ளங்களில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. சாளை, அயிலை, அவற்றின் மேல் காகம், ஆளாளுக்கு விலை கூறும் இரைச்சல். ஏலக் கூடத்துக்குப் பின்னால் கடலோரமாக எஞ்சின் பட்டறைகள் வரிசையாக, முப்பது நாற்பது இருக்கும். எல்லாவற்றுக்கும் அதே தகரம், அதே கரிப்புகை, அதே மாதா படம்.

“எந்தப் பட்டறைக்கா?”

“எனக்கென்ன தெரியும்?” என்றாள் லிஜி. “பைய ஓட்டு. தாணுலிங்கத்துக்க ஜீப்பு எங்க நிக்குன்னு பாரு.”

சுயம்புராஜ் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தான். இசக்கியின் முகத்தில் சாயம் இறங்கியிருந்தது. அடுத்த நொடி ஒரு பால்வெட்டுக் கத்தி, ரப்பர் பட்டையைச் சீவும் வளைந்த முனையோடு, சுயம்புராஜின் தொண்டைக்குழியில் வந்து உட்கார்ந்தது.

“வண்டியத் திருப்புலே.”

“திருப்பறேன் அண்ணே,” என்றான் சுயம்புராஜ். “இந்த வண்டிக்கு பிரேக் உண்டு, பாக்கியளா?”

முழுப் பலத்தோடு மிதித்தான். கத்தி கழுத்தின் ஓரத்தைக் கீறிக்கொண்டு போனது. இசக்கியின் நெஞ்சு முன்சீட்டின் முதுகில் போய் மோதியது. அவன் போட்ட சத்தம் மனுசச் சத்தமாக இல்லை. மூன்று நாளைக்கு முன்னால் வடிகால் ஓடையில் ஸ்டியரிங் உடைத்த அதே விலா எலும்புகள். லிஜி காலடியிலிருந்த ஜாக்கி லிவரை எடுத்து அவன் மணிக்கட்டில் ஒன்று, முழங்கையில் ஒன்று வைத்தாள். கத்தி விழுந்தது. மூன்றாவது அடிக்கு அவனே விழுந்தான்.

“ஓட்டுனது இவனாக்கும்,” என்றாள் மூச்சு வாங்க. “அங்க பாரு ஜீப்பு. ஓடு!”

கடைசிக்கு முந்தின பட்டறை. உள்ளே ஒரு எஞ்சின் முழு வேகத்தில் அலறிக்கொண்டிருந்தது. வள்ளத்து எஞ்சினைச் சோதிக்க ஒரு பெரிய தண்ணீர் டிரம்மின் விளிம்பில் அதை மாட்டி ஓட்டுவார்கள், காற்றாடி போன்ற அதன் இரும்பு இறக்கைகள் தண்ணீருக்குள் சுழலும். டிரம்மின் மேல் ஒருவன் குப்புறக் கவிழ்ந்து கிடந்தான். அவன் பிடரியில் முழங்காலை ஊன்றி, வலது கையைத் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார் தாணுலிங்கம். வேட்டியில் இப்போது மடிப்பே தெரியவில்லை. டிரம்மிலிருந்து தெறித்த தண்ணீர் சுவரிலெல்லாம் சிவப்பாக ஒழுகியது.

சுயம்புராஜ் பாய்ந்தான். தாணுலிங்கம் பக்கத்தில் கிடந்த இரும்புச் சங்கிலியைச் சுழற்றினார். அது சுயம்புராஜின் தோளில் இறங்கியதும் அந்தக் கை அவனுடையதாக இல்லாமல் போனது. இரண்டாவது வீச்சு காதோரம். பட்டறை முழுக்க வெள்ளை வெள்ளையாக மீன்கள் நீந்துவது போல ஒரு காட்சி. விழுந்த இடத்திலிருந்தே தாணுலிங்கத்தின் காலைக் கட்டிப்பிடித்துக் கடித்தான். தசை பல்லில் மாட்டும்வரை கடித்தான்.

லிஜி எரிபொருள் ஹோசைப் பிடுங்கி எறிந்தாள். எஞ்சின் இருமி அடங்கியது. அது அடங்கியதும்தான் டிரம்மில் கிடந்தவனின் ஓலம் துறைமுகம் முழுக்கக் கேட்டது. அவனை அவள் இழுத்துத் தரையில் போட்டாள். வலது கையில் உள்ளங்கை பாதிதான் மிச்சம்.

“நான் விசாரிச்சேன்!” தாணுலிங்கம் சுவரில் சாய்ந்து இரைத்தார். “இவன்தான் கெட்டினது. உனக்கு முந்தி நான் கண்டுபிடிச்சிட்டேன். கொன்னவனுக்கு உதவினவன, நான்...”

“எப்படிக் கண்டுபிடிச்சிய?” லிஜி துப்பட்டாவைக் கிழித்து அந்தக் கையைக் கட்டிக்கொண்டே கேட்டாள். “குளச்சல்னு மட்டுந்தான் நான் சொன்னேன். பேரு சொல்லல்ல. எனக்கே தெரியாது. நாப்பது பட்டறை இருக்கு அண்ணாச்சி. நேரா இதுக்குள்ள வந்திருக்கிய. இவருகிட்ட வண்டியக் கொண்டுவந்து விட்ட ஆளுக்குத்தான் இந்த வாசல் தெரியும்.”

தரையில் கிடந்தவன் தலையை உயர்த்தினான். சிலுவைதாசன் என்று சட்டைப்பையில் நூலால் தைத்திருந்தது.

“இவனாக்கும்... வெள்ளக் காரு கொண்டு வந்தது. மருமவன் ரேசுக்குப் போறான்னு சொன்னான்.” வார்த்தை வார்த்தையாகத் துப்பினான். “இப்ப வந்து... ஒரு பொம்பள ஒன்னத் தேடி வாறா, அவ வாறதுக்கு முன்ன நீ இருக்கக் கூடாதுன்னான்.”

தாணுலிங்கம் மறுக்கவில்லை. சலித்தவர் போல முகத்தைத் துடைத்துக்கொண்டார். “தோட்டத்தப் பிரிக்கணும்னு அனில் வக்கீல் வச்சான். எங்க அப்பன் வச்ச மரம். தங்கச்சியக் குடுத்தேன், மரத்தக் குடுப்பேனா?”

“அப்ப ஆன்ட்ரூசு எதுக்கு?”

“வலியில வாற முதல் பேரு எதுவோ, அவன் கொலைகாரன். பேரு கெடச்சதும் இசக்கி அவன முடிச்சிருவான். கேசும் முடிஞ்சுது.” கடிகாரத்தைப் பார்த்தார். இதழோரம் ஒரு சிரிப்பு வந்தது. “மூணே முக்கால். என் போன் போகல்லன்னா அவங்க கைய வெட்டிட்டுத்தான் கெளம்புவாங்க. போலீசு சத்தம் கேட்டாலும் வெட்டு. என்ன விடு, நான் போன் பண்ணுதேன்.”

சுயம்புராஜ் எழ முயன்றான். ஒரு பக்கம் வரவில்லை. லிஜி வாசலைப் பார்த்தாள்.

ஏலம் நின்றுபோயிருந்தது. துறைமுகமே பட்டறை வாசலில் நின்றது. அறுபது, எழுபது பேர். கையில் துடுப்பு, கொக்கி, மீன் வெட்டுகிற கத்தி. எல்லோருக்கும் முன்னால் மேலெல்லாம் செதிலாக ஒருத்தி. புருசனின் கையைப் பார்த்தாள், டிரம்மைப் பார்த்தாள். சிலுவைதாசனின் மனைவி செசிலி. அவளிடமிருந்த கத்தி நெய்மீனை இரண்டாகப் போடுவது.

“போன் பண்ணுங்க,” என்றாள் லிஜி. “பண்ணினா இவங்களுக்கும் உங்களுக்கும் நடுவுல நான் நிப்பேன். இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் இப்பமே வெளிய போறோம்.”

“நீ போகமாட்டே.”

லிஜி சுயம்புராஜின் நல்ல கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். வாசலை நோக்கி நடந்தாள். ஓரடி. இன்னொன்று. கூட்டம் வழிவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. வாசற்படியில் கால் வைத்ததும் பின்னால் தாணுலிங்கத்தின் குரல் கேட்டது. அது வேறு யாருடையதோ போல இருந்தது.

“எடேய்... அவன விட்டுருங்க. ஆமா, விடு. வைசக் கழத்து. ஒண்ணும் செய்யாம வாங்க.”

லிஜி போய் அந்தப் போனைப் பிடுங்கினாள். ஜாஸ்மியிடம் கொடுக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் ஆன்ட்ரூஸின் அழுகை, நடுவில் ஜாஸ்மியின் குரல்: “விட்டுட்டாங்கக்கா, கை இருக்கு. கை இருக்கு.”

லிஜி அதே போனில் போலீசுக்கு இடம் சொல்லிவிட்டு, அதைப் பைக்குள் போட்டாள். தாணுலிங்கத்துக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். சுயம்புராஜ் தடுமாறி வந்து அவள் பக்கத்தில் நின்றான். துடுப்புகள் அசைந்தன. செசிலி முன்னால் வந்தாள்.

“தள்ளு.”

“போலீசுக்குச் சொல்லியாச்சு. இவன் உயிரோட வேணும்.”

செசிலி தரையில் கிடந்த புருசனைப் பார்த்தாள். “ஒரு பொம்பள தேடி வாறான்னு இந்த ஜீப்புக்காரன் சொன்னானாமே. அது நீயா?”

“ஆமா.”

“எந்தப் பட்டறைன்னு தெரியாமத்தான் வந்தியா?”

“ஆமா.”

“அப்ப... இவன் இஞ்ச வரட்டும்னு காத்திருந்தியா?”

சுயம்புராஜ் லிஜியின் முகத்தைப் பார்த்தான். ஒரு பொய் போதும். வழியில் டயர் பஞ்சர் என்றால் போதும். அவனே சொல்ல வாயெடுத்தான்.

“காத்திருந்தேன்,” என்றாள் லிஜி. “சத்தம் போட்டு மிரட்டுவான்னு நெனச்சேன். இவ்வளவு செய்வான்னு நெனைக்கல்ல. ஆனா காத்திருந்தேன்.”

செசிலி கத்தியை இடது கைக்கு மாற்றினாள். வலது கையால் ஓங்கி அறைந்தாள். லிஜியின் கன்னத்தில் மீன் செதிலும் ரத்தமும் ஒட்டிக்கொண்டன. தலை ஒரு பக்கம் திரும்பி, மெல்ல மீண்டும் நேரே வந்தது. விரித்த கைகள் இறங்கவில்லை.

அக்காவுக்கு விழும் அடியும் தன் கணக்கு என்று சொன்னவன் அசையவில்லை. இந்த ஒன்று அவளுக்கே உரியது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

செசிலி கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் புருசனின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சாலையில் சைரன் கேட்டது. கூட்டத்தில் ஒருவரும் கலையவில்லை.